பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்பது, ஒரு பெரிய திட்டம் தொடங்கும் முன் அப்பகுதி மக்களின் ஆதரவு, எதிர்ப்பு, ஐயங்கள் ஆகியவற்றை நேரில் கேட்டுப் பதிவு செய்யும் கூட்டமாகும். இந்தியாவில் இது 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடத்தப்படுகிறது.

நடைமுறை

தமிழ்நாட்டில் மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியம் கூட்டத்தை ஏற்பாடு செய்கிறது. மாவட்ட ஆட்சியர் அல்லது அவரது பிரதிநிதியான உயர் அலுவலர் தலைமை ஏற்பார். குறைந்தது 30 நாள்களுக்கு முன் நாளிதழ்களில் அறிவிப்பு வெளிவர வேண்டும். தாக்க மதிப்பீட்டு வரைவறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகம் முதலிய இடங்களில் பார்வைக்கு வைக்கப்படும். கூட்டம் முழுவதும் காணொளியாகப் பதிவு செய்யப்படும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற வரையறை இல்லை. வர இயலாதவர்கள் எழுத்து மூலம் கருத்து அனுப்பலாம்.

வாக்கெடுப்பு அன்று

இக்கூட்டத்தில் ஆதரவும் எதிர்ப்பும் எண்ணப்பட்டு முடிவெடுக்கப்படுவதில்லை. பெரும்பாலோர் எதிர்த்தாலும் திட்டம் தானாக நின்றுவிடாது. ஆனால் எழுப்பப்பட்ட கேள்விகளுக்குத் திட்ட நிறுவனம் இறுதி அறிக்கையில் விடையளிக்க வேண்டும். நிபுணர் மதிப்பீட்டுக் குழு அதனை ஆராயும். எனவே "திட்டம் வேண்டாம்" என்பதோடு நிறுத்தாமல், "மழைநீர் எவ்வழியே வடியும்? படகு நிறுத்துமிடம் என்னாகும்?" எனக் கேட்பதே பயன் தரும். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பு உள்ளூர் மொழியில் விளக்கப்பட வேண்டும். தாம் கூறியது விடுபட்டிருந்தால் அப்போதே சுட்டிக்காட்டுவது நல்லது.

கிள்ளை வட்டாரத்தில்

கிள்ளைக்கும் பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டிற்கும் வடக்கே, பரங்கிப்பேட்டை அருகில் 3600 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்திற்கு 2010 மே 31 அன்று சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. இதனை எதிர்த்த மேல்முறையீட்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2012 மே மாதம் தீர்ப்பளித்தது. சுற்றுப்புறத்தின் பிற தொழிற்சாலைகளோடு சேர்த்துக் கூட்டுத் தாக்கத்தை ஆராய்ந்து, அனுமதியை மறுபரிசீலனை செய்யுமாறு அது உத்தரவிட்டது. அனுமதி கிடைத்த பின்னும் சரியான கேள்விக்கு மதிப்புண்டு என்பதற்கு இது சான்று.

கட்டடத் திட்டங்கள்

20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. ஆயினும் கட்டடங்களுக்கும் நகரியங்களுக்கும் இந்த அறிவிக்கை கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்துள்ளது. குடியிருப்புக்கு மிக அருகில் எழும் கட்டடத்தைப் பற்றிப் பேச இக்கூட்டம் உதவாது. சுற்றியுள்ள ஊராட்சிகளில் கிராம சபையில் இதனை எழுப்பித் தீர்மானம் நிறைவேற்றலாம். கிள்ளை பேரூராட்சி என்பதால் அங்குக் கிராம சபை இல்லை. வார்டு உறுப்பினர் வழியாகப் பேரூராட்சி மன்றத்திலும், ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் எழுத்து மூலம் முறையிடலாம்.