கரிய மணலும் வெள்ளைத் தூளும்

கோலாலம்பூர் ஈயத்தால் எழுந்த நகரம். 1857ஆம் ஆண்டில் அம்பாங்கில் ஈயம் தோண்டத் தொடங்கிய பின்னரே ஆற்றங்கரையில் இந்நகரம் வளர்ந்தது என்பதை யாவரும் அறிவர். ஈய மணலை அலசியபின் எஞ்சும் கனத்த கரிய மணலுக்கு ‘அமாங்’ என்று பெயர். கழிவெனக் கருதப்பட்ட அதனுள் இல்மனைட் என்னும் கனிமம் உண்டு. இரும்பும் டைட்டேனியமும் பிராணவாயுவும் கூடிய அக்கனிமமே, சுவர்ச் சாயத்திற்கும் காகிதத்திற்கும் வெண்மை தரும் டைட்டேனியம் ஆக்சைடுக்கு மூலப்பொருளாகும்.

கருமை வெண்மையாவது எங்ஙனம்? இரு வழிகள் உள.

முதலாவது, கனிமத்தைக் கந்தக அமிலத்தில் கரைத்து, இரும்பை நீக்கிச் சூளையில் சுடுவது. திரெங்கானுவில், தெலுக் காலோங்கில் அமைந்த ஆலை இம்முறையையே கைக்கொண்டது. இதில் அமிலக் கழிவு மிகுதி. அதனைச் சுண்ணாம்பால் முறிக்கும்போது சிவந்த ஜிப்சம் மலைபோற் குவிகிறது.

இரண்டாவது, டைட்டேனியத்தைக் குளோரினோடு கூட்டித் திரவமாக்குவது. 136 பாகை செல்சியஸில் கொதிக்கும் அத்திரவத்தின் ஆவியைப் பிராணவாயுவோடு 1,000 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் கலந்தால், வெள்ளைத் தூள் பிறக்கிறது. விடுபடும் குளோரினை மீண்டும் பயன்படுத்தலாம். அவ்வெப்பத்தை ஊட்டப் பிளாஸ்மா துணைபுரிகிறது.

பிளாஸ்மா என்பது யாது? திடம், திரவம், வாயு என்னும் மூன்றுக்கும் அப்பாற்பட்ட நான்காம் நிலை. அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து, வாயுவே மின்சாரத்தைக் கடத்தும் நிலை அது. கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை மழையில் நாம் காணும் மின்னலும் பிளாஸ்மாவே. ஆலையில் இரு மின்வாய்களுக்கிடையே மின்வில்லை எழுப்பி, அதனூடே வாயுவைச் செலுத்துவர். அச்சுடரின் நடுவெப்பம் 10,000 பாகையையும் எட்டும். பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயரளித்த செங்கற்சூளைகளின் வெப்பம் ஏறத்தாழ 1,000 பாகையே. செங்கல் வேக நாட்கள் பல வேண்டும். இங்கோ ஒரு நொடியின் சிறு கூறு போதும்.

ஆயினும் சூட்டினும் முதன்மையானது குளிர்விக்கும் வேகம். சுடரை விட்டு வெளிவரும் துகள்களை உடனே குளிர்விக்காவிடில், அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்துவிடும். சாயத்திற்கு வேண்டிய துகளின் அளவு ஏறத்தாழ 0.2 முதல் 0.3 மைக்ரான், ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பது அவ்வளவே. 0.1 மைக்ரானுக்கும் மிகக் குறைந்தால் வெண்மை மங்கும். எனினும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஆற்றல் நிற்கும். ஒரே பொருள், அளவால் வேறு பயன்!

இம்முறை குறையற்றதன்று. மின்சாரச் செலவு பெரிது. இல்மனைட்டின் இரும்பும் எங்கேனும் கழிவாய்ச் சேரவே செய்யும். அமாங்கில் இல்மனைட்டோடு தோரியம் கலந்த மோனசைட்டும் உண்டாதலால், அதனை முன்னரே பிரித்துக் காத்தல் வேண்டும்.

ஆதலின், பழைய ஈயக்குட்டைகளைச் சுட்டி வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள், அக்கரிய மணலையும் ஒரு பாடமாக்கலாம். கழிவு, பொருள் என்னும் வேறுபாடு மண்ணில் இல்லை. அதனை ஆளும் அறிவிலும், ஆண்டபின் எஞ்சுவதற்குப் பொறுப்பேற்கும் நேர்மையிலும் உளது.