மூளை அலையும் மலிவு விலைக் கருவியும்

வாடிப்பட்டி வட்டாரத்திலிருந்து வலிப்பு நோய்க்காக இ.இ.ஜி. எனப்படும் மூளை மின்னலைப் பதிவுக்கு வருவோருடன் கல்லூரிப் பிள்ளைகளும் துணைக்கு வருகின்றனர். "எங்கள் ஆய்வகத்தில் சிறு பலகையிலேயே மூளை அலையைப் பார்க்கிறோமே, அப்பாவுக்கும் அதிலேயே பார்த்தால் என்ன?" என்று அவர்களுள் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

தலைத்தோலை வந்தடையும் மூளை அலை பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் அளவினதே. டார்ச் விளக்கின் 1.5 வோல்ட் மின்கலத்தோடு ஒப்பிட்டால், பதினைந்தாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறுவது அரிது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதை எளிதில் மூழ்கடித்துவிடும். எனவே இரைச்சலை ஒதுக்கி அலையை மட்டும் பெருக்கிக் காட்டும் மின்பெருக்கியே இக்கருவியின் உயிர்நிலை. புதுதில்லியில் தீபக் காத்ரி தொடங்கிய அப்சைட் டவுன் லேப்ஸ் நிறுவனம், ஏறத்தாழ ஓர் அங்குல நீளமே உள்ள 'பயோஆம்ப் இ.எக்ஸ்.ஜி. பில்' என்னும் பெருக்கியை வடிவமைத்து, அதன் மின்சுற்று வரைபடத்தையும் யாவருக்கும் திறந்து வைத்துள்ளது. மாணவர் ஒருவர் கண்களை மூடியதும், நொடிக்கு 8 முதல் 13 முறை எழும் ஆல்ஃபா அலை பின்தலையிலிருந்து திரையில் தோன்றும். ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924ஆம் ஆண்டில் மனித மூளை அலையை முதன்முதலாகப் பதிவு செய்த வியப்பை, இன்று வகுப்பறையிலேயே அடைய முடிகிறது.

ஆராய்ச்சிக்கும் இத்தகைய எளிய கருவிகள் உதவியுள்ளன. தாரா தியாகராஜன் குழுவினர் 14 மின்வாய்கள் கொண்ட தலைக்கருவியுடன் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கே சென்று மக்களின் மூளை அலைகளைப் பதிவு செய்தனர்.

நோயறிதலோ வேறு பணி. வலிப்பு மூளையின் எப்பகுதியில் தொடங்குகிறது என்றறிய, தலை முழுவதும் வழக்கமாக 21 இடங்களில் மின்வாய்கள் பொருத்தப்படுகின்றன. ஓரிரு மின்வாய்கள் போதா. பல்லைக் கடித்தாலும் கண்ணைச் சிமிட்டினாலும் எழும் அலைகளைப் பயிற்சியற்ற கண் நோயென்று மயங்கும். இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு: வலிப்பு நோய் உள்ளவருக்கும் இடைப்பட்ட நேரத்துப் பதிவு இயல்பாகவே அமையக்கூடும். வீட்டுக் கருவியில் கோடு நேராக இருப்பதைக் கண்டு மாத்திரையை நிறுத்தினால், இடைவிடாத வலிப்பு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

பிள்ளைகள் பயிலட்டும், தடையில்லை. ஆனால் மின்வாய்கள் உடலில் உள்ளபோது, மின்னேற்றியில் செருகிய மடிக்கணினியுடன் கருவியை இணைக்கலாகாது, மின்கலமே பாதுகாப்பு. எங்களிடம் பதிவுக்கு வருவோர் முதல்நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவாமல் வருக. மருத்துவர் நிறுத்தச் சொல்லாத மாத்திரைகளை அன்றும் வழக்கம்போல் உட்கொள்க.