மங்கில் ஓட்டை இருந்தால் நல்லது

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “பிரெய்ன்சிப் என்ற ஆஸ்திரேலியப் பங்கைக் கைப்பேசியிலேயே வாங்கப்போவதாக மகன் சொல்கிறான். மூளை மாதிரி வேலை செய்யும் சில்லாம், அடுத்த என்விடியாவாம். மூளை மாதிரி என்றால் என்ன? நம்பிப் பணம் போடலாமா?”

பணம் போடுவதைப் பற்றிச் சொல்ல அறிவியல் பக்கத்துக்கு அதிகாரமில்லை. ஆனால் முதல் கேள்வி விளங்கினால் இரண்டாவதில் பாதி தீர்ந்துவிடும். அது விளங்க ஆஸ்திரேலியா வரை போக வேண்டாம், கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தான் போதும்.

இருட்டியதும் சம்பான் ஏறினால், சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் ஆண் மின்மினிகள் இலைகளில் உட்கார்ந்தபடி வினாடிக்கு இரண்டு மூன்று முறை மின்னுவதைப் பார்க்கலாம். மரம் முழுக்க ஒரே தாளம். தாளம் போட்டுக் கொடுக்கத் தலைவன் யாருமில்லை. இப்படி ஒன்று நடக்கவே முடியாது, பார்த்தவரின் கண்ணிமைதான் துடித்திருக்கும் என்று 1917இல் பிலிப் லாரன்ட் என்பவர் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். 1960களில் ஜான் பக், எலிசபெத் பக் தம்பதியர் தாய்லாந்தில் பிடித்த மின்மினிகளைப் பேங்காக் ஓட்டல் அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பறக்கவிட்டார்கள். அறைக்குள் அங்கங்கே போய் உட்கார்ந்த பூச்சிகள் முதலில் இரண்டாக, பிறகு மூன்றாகச் சேர்ந்து மின்னத் தொடங்கின. கண்ணிமைக் கதை அத்தோடு சரி.

பூச்சிக்குள் ஏதோ ஒன்று மெல்ல நிரம்புகிறது. விளிம்பைத் தொட்டதும் ஒளி, உடனே காலி, மறுபடி நிரம்பல். பக்கத்தில் ஒன்று மின்னினால் இங்கே ஓர் உந்தல் கிடைக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை ரப்பர்ப்பால் பிடிக்கும் கிண்ணமான மங்கை வைத்துச் சொல்வதே சுலபம்.

பால்மரத்தில் கட்டிய மங்கில் பால் சொட்டுகிறது. அடியில் ஒரு சின்ன ஓட்டை என்று வைத்துக்கொள்வோம் (கங்காணி கண்ணில் படவேண்டாம்). பால் மட்டம் ஏற ஏற ஓட்டை வழியே ஒழுகுவதும் கூடும். ஆகவே அடிமங்கு சட்டென்று நிரம்பும், விளிம்பை நெருங்க நெருங்க ஆமை வேகம்தான். நிரம்பிய மங்கு தானே கவிழட்டும். கவிழும்போது மற்ற எல்லா மங்குகளிலும் ஆளுக்கொரு கரண்டி பால் தெறிக்கட்டும். கால் மங்கு பிடித்திருப்பதற்கு அந்தக் கரண்டியால் பெரிய லாபமில்லை, அவ்வளவு பாலை அது தானாகவே சீக்கிரம் பிடித்திருக்கும். விளிம்பருகே இழுத்துக்கொண்டிருந்த மங்குக்கோ அது நெடுநேரக் காத்திருப்பை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. அதுவும் அப்போதே கவிழ்ந்துவிடும். சேர்ந்து கவிழ்ந்த இரண்டும் சேர்ந்தே மறுபடி நிரம்பத் தொடங்கும், அதன்பின் பிரிவதில்லை. இப்படியே கூட்டம் சேர்ந்து கடைசியில் தோட்டமே ஒரே நொடியில் கவிழ்கிறது. 1990இல் ரெனாட்டோ மிரோல்லோவும் ஸ்டீவன் ஸ்ட்ரோகட்சும் இதைக் கணிதமாகவே நிறுவிவிட்டார்கள். ஓட்டையில்லாமல் ஒரே சீராக நிரம்பும் மங்குகளுக்கு அந்த நிரூபணம் பொருந்தாது என்பதுதான் இதில் ரசமான இடம். (நிஜ மின்மினிகள் இனத்துக்கு இனம் சற்று வேறுவிதமாகத் தாளத்தைத் திருத்திக்கொள்கின்றன, அவை அந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை.)

மூளையின் நரம்பணுவும் ஓர் ஒழுகும் மங்குதான். ஆயிரக்கணக்கான மற்ற நரம்பணுக்களிலிருந்து வாய்க்கால்கள் அதில் வந்து விழுகின்றன, சில அகலம், சில ஒடுக்கம். கற்றுக்கொள்வது என்றால் சிலவற்றை வெட்டி அகலப்படுத்துவது, சிலவற்றை மண்போட்டு ஒடுக்குவது. விட்டு விட்டு வரும் சொட்டுகள் ஓட்டையோடு போய்விடும், ஒரே சமயத்தில் வந்து விழுபவைதான் மங்கை நிரப்பும். மழைத் தண்ணீர் விழுந்தால்? அதுதான் இரைச்சல். ஒட்டுப்பால்? அதற்கு நரம்பணுவில் இணை எதுவுமில்லை. உவமையை இங்கேயே இறக்கி வைத்துவிடுவது மரியாதை.

வழக்கமான சில்லில் கணக்குப் போடும் இடம் ஒன்று, நினைவகம் வேறு. இரண்டுக்கும் நடுவே எண்களைச் சுமந்து ஓடுவதிலேயே மின்சாரம் கரைகிறது. நரம்பணு பாணிச் சில்லில் நினைவகம் கணக்கின் பக்கத்திலேயே இருக்கும். செய்தி வராதவரை அந்தப் பகுதி ஏறக்குறையச் சும்மா கிடக்கும், செலவும் மிகக் குறைவு.

வரலாறும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1980களில் கால்டெக்கில் கார்வர் மீட் தொடங்கிவைத்தார். 2014இல் தர்மேந்திர மோதா தலைமையில் ஐபிஎம் செய்த ட்ரூநார்த் பத்து லட்சம் செயற்கை நரம்பணுக்களைச் சுமார் 70 மில்லிவாட்டில் ஓட்டியது. 2017இல் இன்டெலின் லோய்ஹி வந்தது. இரண்டும் ஆய்வாளர்கள் கையோடு நின்றுபோயின. 2023இல் மோதா குழு வெளியிட்ட நார்த்போலில் நினைவகத்தைப் பக்கத்தில் வைக்கும் யோசனை தங்கியது, மங்கு கவிழ்வதுபோல் துடிப்புகளால் பேசும் யோசனை விடைபெற்றது. பங்கு வாங்குவோர் அதிகம் பேசாத செய்தி இது.

இப்போது பிரெய்ன்சிப். 2015இல் அஸியானா என்ற கனிமம் தேடும் நிறுவனத்தின் வழியாகப் பங்குச்சந்தைக்குள் நுழைந்தது. அதன் சில்லின் பெயர் அகிடா. 2022 ஜனவரியில் மெர்சிடிஸ் பென்ஸ், ஈக்யூஎக்ஸ்எக்ஸ் என்ற காரில் “ஹே மெர்சிடிஸ்” என்ற அழைப்பைக் கண்டுபிடிக்க அகிடாவைப் பயன்படுத்தியதாகவும், அது வழக்கமான குரல் கட்டுப்பாட்டைவிட ஐந்து முதல் பத்து மடங்கு சிக்கனம் என்றும் அறிவித்தது. அதுவரை ஒரு ஆஸ்திரேலிய டாலருக்குக் கீழே கிடந்த பங்கு அதே மாதத்தில் இரண்டு டாலரைத் தாண்டியது. அந்தக் கார் விற்பனைக்கு வராத மாதிரி வண்டி என்பதைக் கவனித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 2023 முழுவதற்கும் நிறுவனத்தின் வருமானம் சுமார் 232,000 அமெரிக்க டாலர், நட்டமோ 25 மில்லியன் டாலருக்கு மேல். 2024 நடுவில் பங்கு 20 ஆஸ்திரேலிய சென்ட் அளவில் கிடந்தது.

மெர்சிடிஸ் சொன்ன சிக்கனத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. காருக்குள் யாரும் “ஹே” என்று கூப்பிடாத நேரமே அதிகம். அந்த மௌனத்தில்தான் மிச்சம். அதே சில்லை ஓயாமல் வண்டி ஓடும் சாலையின் கேமராவில் மாட்டினால் எல்லா மங்குகளும் எந்நேரமும் கவிழ்ந்துகொண்டிருக்கும், மிச்சம் சுருங்கிவிடும். என்விடியா விற்பது மௌனமே இல்லாத பெருங்கணக்குக்கான சில்லுகளை. இரண்டும் வேறு சந்தை.

தோட்டத் தமிழர்களுக்குப் பங்கு ஆசை புதிதல்ல. 1982இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தில் சுமார் 66,000 பேர் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் போட்டார்கள், நகையை அடகு வைத்தவர்கள் உட்பட. 2010இல் ஒரு ரிங்கிட் பங்குக்குக் கிடைத்த விலை 80 சென்.

பிரெய்ன்சிப்பின் அறிக்கைகளில் கூட்டாளி நிறுவனங்களின் பெயர்கள் வரிசையாக வரும். வாங்க நினைப்பவர் அவற்றைத் தாண்டிப் பணப்புழக்கக் கணக்குக்குப் போகலாம். வாடிக்கையாளர் கொடுத்தது எவ்வளவு, புதுப் பங்கு வெளியிட்டுத் திரட்டியது எவ்வளவு என்று அங்கே தனித்தனி வரிகள் இருக்கும். எல்.டி.ஏ. கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குப் புதுப் பங்குகளை விற்றுப் பணம் எடுக்கும் ஒப்பந்தம் 2020இல் போடப்பட்டது. ஒவ்வொரு முறை அப்படி எடுக்கும்போதும், ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவரின் பங்கு விகிதம் கொஞ்சம் குறைகிறது.