பராக்கிரம பாண்டியரின் விண்ணப்பம்

ஐந்தருவியில் நீராடிவிட்டுத் தென்காசி வழியாக ஊர் திரும்புவோரின் கண்ணில் தவறாமல் படுவது, காசி விசுவநாதர் கோயிலின் 178 அடி உயர ராஜகோபுரம். அக்கோயிலை எழுப்பிய மன்னரையும் அவரது குலத்தையும் அறிந்தோர் சிலரே. ஆட்சிப் பரப்பு சுருங்கிக்கொண்டிருந்த ஓர் அரச குடும்பம் எதைக் காப்பாற்ற முயன்றது என்பதே அந்தக் குலத்தின் வரலாறு.

வாரிசுரிமைக்காகச் சகோதரர்கள் மோதிக்கொண்டிருந்த வேளையில், 1311-இல் மாலிக் காபூரின் படை மதுரையைத் தாக்கியது. அதன்பின் சுல்தான்கள் ஆட்சி, அடுத்து விஜயநகரப் படையெடுப்பு என்று தலைநகரம் பாண்டியர் கையைவிட்டுப் போனது. எஞ்சிய கிளையினர் பொருநைக் கரையிலும், ஐந்தருவி நீரும் வந்து கலக்கும் சிற்றாற்றுப் பகுதியிலும் நிலைகொண்டனர். நாடு சிறிதானாலும் ஆற்றுப் பாசனமும் நெல்வயல்களும் இருந்தன. 'சடையவர்மன்' என்ற முன்னோர் பட்டத்தையும் அவர்கள் விட்டுவிடவில்லை.

இக்கிளையில் 1422-இல் அரியணை ஏறியவர் அரிகேசரி பராக்கிரம பாண்டியர். 1446-இல் காசி விசுவநாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கினார். பின்னர் ராஜகோபுரத்துக்கும் அடித்தளமிட்டார். ஆனால், 1463-இல் அவரது காலம் முடிந்தது. எஞ்சிய பணியை நிறைவேற்றியவர் தம்பி குலசேகர பாண்டியர்.

இக்குலத்தின் மரபுவழியை வகுப்பது எளிதன்று. அண்ணன் ஆண்டுகொண்டிருந்த 1429-ஆம் ஆண்டிலிருந்தே தம்பியின் ஆட்சியாண்டுகளும் கணக்கிடப்படுகின்றன. மூத்த மகனுக்கே உடைமை என்ற வழக்கம் ஐரோப்பிய உயர்குடியினரிடையே பரவலாக இருந்த காலம் அது. பாண்டியரிடமோ உடன்பிறந்தோர் ஒரே சமயத்தில் ஆளும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. மார்க்கோ போலோவும் ஐந்து அரச சகோதரர்களைக் குறிப்பிடுகிறார். போதாக்குறைக்கு, பராக்கிரமன், குலசேகரன், சீவல்லபன் என்ற பெயர்களே தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வருகின்றன. இவர்களைப் பிரித்தறியப் பெரிதும் துணை நிற்பவை கல்வெட்டுகளும் செப்பேடுகளுமே.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1564-இல் முடிசூடியவர் அதிவீரராம பாண்டியர். அப்போது மதுரையில் நாயக்கர் ஆட்சி வேரூன்றிவிட்டது. படைபலத்தால் அடைய முடியாத புகழை அவர் தமிழால் அடைந்தார். நைடதம், காசி காண்டம், பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த வெற்றிவேற்கை ஆகியவை அவர் படைப்புகள். அவருடைய உறவினரான வரதுங்கராம பாண்டியரும் பிரமோத்தர காண்டம் இயற்றிய புலவரே. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு இக்குலம் வரலாற்றிலிருந்து மறைந்துபோகிறது.

இப்படியொரு முடிவைப் பராக்கிரம பாண்டியர் முன்னரே உணர்ந்திருந்தாரோ என்று எண்ணவைக்கிறது அவரது கல்வெட்டுப் பாடல் ஒன்று. இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதேனும் குறை நேர்ந்து, அதைச் சரிசெய்து காப்பவர் எவராக இருந்தாலும், உலகறிய அவரைப் பணிவதாக அதில் கூறுகிறார். கொடைக் கல்வெட்டுகளில், அறத்துக்குத் தீங்கு செய்வோரைச் சபிப்பதுதான் வழக்கம். இவரோ, தம் வழித்தோன்றல்கள் என்றுகூடக் குறிப்பிடாமல், முகமறியாத எவரையும் வணங்குகிறார்.

பொருளியல் நோக்கில் இது நுட்பமான அறிவு. பொதுச் சொத்தைக் கட்டியவருக்குப் புகழ் கிடைக்கிறது. பராமரிப்பவருக்கோ செலவு மட்டுமே மிஞ்சுகிறது. எனவேதான், திறப்பு விழா காணும் ஏரிகளும் கட்டடங்களும் பழுதுபார்ப்பாரின்றிப் பாழாகின்றன. பராமரிப்பவருக்கும் ஒரு பங்கு புகழைப் பராக்கிரம பாண்டியர் கல்லில் எழுதி முன்கூட்டியே வழங்கிவிட்டார்.

அவர் அஞ்சியது நடந்தது. கோபுரம் சிதைந்து, பல தலைமுறைகள் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. சிவந்தி ஆதித்தன் முன்னின்று நடத்திய திருப்பணியால் 1990-இல் ஒன்பது நிலைகளுடன் மீண்டும் எழுந்தது. மன்னரின் வணக்கத்துக்குரியவர்கள் ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தார்கள்.

கோபுரம் மீண்டதுபோல் கல்வெட்டுகள் மீளா. எழுத்துகளின்மீது சுண்ணாம்பும் வண்ணமும் பூசுவதும், அவற்றைச் சுரண்டித் 'தூய்மை' செய்வதும் திருப்பணிகளின்போது நேர்கின்றன. ஒரு வரி அழிந்தால், ஒரு மன்னரின் ஆட்சியாண்டோ ஓர் உறவுமுறையோ அதனுடன் அழிகிறது. ஒவ்வொரு திருப்பணிக்கும் முன்பாக எல்லாக் கல்வெட்டுகளையும் படியெடுப்பதும், பணி முடியும்வரை கல்வெட்டறிஞர் ஒருவர் உடனிருப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். பராக்கிரம பாண்டியரின் விண்ணப்பம் நமக்கும் உரியதே.