மாதம் 69 ரூபாய்க்கு வெப்சைட்டா? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

எளாவூர், கும்மிடிப்பூண்டி பக்கம் சின்ன லேத் பட்டறை, லாரி புக்கிங் ஆபீஸ், கேட்டரிங், ஆள் அனுப்பும் கான்ட்ராக்ட் என்று சிப்காட் தொழிற்சாலைகளை நம்பி நடக்கிற தொழில்கள் நிறைய. இவர்களிடம் இப்போது கம்பெனிகள் கேட்பது விசிட்டிங் கார்டு மட்டும் இல்லை, "உங்க வெப்சைட் என்ன, கம்பெனி மெயில் ஐடி என்ன" என்றும் கேட்கிறார்கள். ஜிமெயிலில் இருந்து போகிற கொட்டேஷனைவிட, சொந்தப் பெயரில் இருந்து போகிற கொட்டேஷனுக்கு மதிப்பு அதிகம் என்பது உண்மைதான். அந்த நேரம் பார்த்து போனில் ஒரு விளம்பரம் வருகிறது: "மாதம் 69 ரூபாய், டொமைன் இலவசம், அன்லிமிடெட் ஸ்பேஸ், இன்று இரவு 12 மணி வரை மட்டும்."

இதில் எது நிஜம், எது வலை என்று தெரிந்துகொள்ள, முதலில் நாம் எதை வாங்குகிறோம் என்று புரிய வேண்டும்.

வாங்குவது இரண்டு பொருள். ஒன்று டொமைன், அதாவது உங்கள் கடைக்கான பெயர்ப்பலகை. மற்றொன்று ஹோஸ்டிங், அதாவது கடை நடத்த வாடகைக்கு எடுக்கிற இடம். உங்கள் படங்கள், விலைப்பட்டியல், மெயில் எல்லாம் அந்த இடத்தில், எங்கோ ஒரு டேட்டா சென்டர் கம்ப்யூட்டரில் இருக்கும். இடம் சரியில்லை என்றால் வேறு இடத்துக்குப் போகலாம். பெயர்ப்பலகை கைவிட்டுப் போனால் கதை வேறு. உங்கள் பில்லில், லாரியில், கார்டில் அச்சடித்த பெயர் இன்னொருவர் கைக்குப் போய்விடும். அந்தப் பெயரில் இயங்கிய மெயில் முகவரியும் கூடவே போகும். பர்ச்சேஸ் ஆர்டரும், பேமென்ட் பற்றிய கடிதமும் அந்த மெயிலுக்குத்தானே வருகின்றன? பெயரைப் பிடித்தவர் அதே முகவரியில் இருந்து உங்கள் வாடிக்கையாளருக்கு, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று எழுதினால், அது போலி என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை.

69 ரூபாயின் கணக்கு

விளம்பரத்தில் மாத வாடகை போட்டிருக்கும், ஆனால் மாதா மாதம் கட்ட விடமாட்டார்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுவோம். மாதம் 69 ரூபாய் என்பது 48 மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,312 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 3,908 ரூபாய். நான்கு வருடம் கழித்துப் புதுப்பிக்கும் விலை மாதம் 299 என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். ஒரு வருடத்துக்கு வரியோடு 4,234 ரூபாய். முதல் நான்கு வருடத்துக்குக் கொடுத்ததைவிட ஐந்தாவது ஒரே வருடத்துக்கு அதிகம்! இது மோசடி இல்லை, பெரிய கம்பெனிகளும் இப்படித்தான் விற்கின்றன. ஆனால் தெரிந்து வாங்குவது வேறு, தெரியாமல் மாட்டுவது வேறு. புதுப்பிக்கும் விலை பக்கத்தில் எங்குமே இல்லை என்றால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.

"அன்லிமிடெட்" என்ற சொல்லையும் அப்படியே நம்ப முடியாது. எந்தக் கம்ப்யூட்டரும் அளவில்லாதது இல்லை. நிபந்தனைகள் பக்கத்தில் எத்தனை ஃபைல் வைக்கலாம், பிராசஸரை எவ்வளவு பயன்படுத்தலாம் என்று வரம்பு இருக்கும். தாண்டினால் கணக்கை நிறுத்திவிடுவார்கள். "99.9 சதவீதம் இயங்கும்" என்பதையும் கணக்குப் பண்ணிப் பாருங்கள். மீதி 0.1 சதவீதம் என்பது வருடத்துக்கு சுமார் 8 மணி 45 நிமிடம். அவ்வளவு நேரம் படுத்துக் கிடந்தாலும் சொன்ன சொல் காப்பாற்றப்பட்டதாகத்தான் கணக்கு. "30 நாளில் பணம் வாபஸ்" என்பதில் டொமைனுக்கான தொகை பெரும்பாலும் சேராது. "இலவச டொமைன்" பெரும்பாலும் முதல் வருடத்துக்கு மட்டும். பூட்டுச் சின்னம் வருவதற்கான எஸ்எஸ்எல் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு பல வருடங்களாக இலவசமாகவே தருகிறது. சாதாரணக் கடைக்கு அது போதும், அதற்கென்று தனியாக ஆயிரக்கணக்கில் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

இலவசம் எப்படி முடிந்தது

ஃப்ரீநாம் என்ற நிறுவனத்தின் கதையை இங்கே சொல்ல வேண்டும். டாட் டிகே, டாட் எம்எல், டாட் ஜிஏ போன்ற பெயர்களைப் பல வருடங்கள் இலவசமாகக் கொடுத்தது. இந்தியாவில் கல்லூரி மாணவர்கள் முதல் சின்னக் கடைக்காரர்கள் வரை பலர் வாங்கினார்கள். மோசடிக்காரர்களும் அதையே வாங்கினார்கள். 2023 மார்ச்சில் மெட்டா நிறுவனம் அதன்மேல் வழக்குப் போட்டது வெளியே வந்தது. அதே வருடம் மாலி, காபோன் ஆகிய நாடுகள் தங்கள் டொமைன் நிர்வாகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டன. 2024 பிப்ரவரியில் டொமைன் தொழிலைவிட்டே விலகுவதாக ஃப்ரீநாம் அறிவித்தது. இலவசமாக வாங்கியவருக்கு அந்தப் பெயரின்மேல் உரிமை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கொடுத்தவர் எடுத்தால் அவ்வளவுதான்.

பணம் கட்டி வாங்கினால் மட்டும் பத்திரமா? அதுவும் இல்லை. 2007இல் அமெரிக்காவின் ரெஜிஸ்டர்ஃப்ளை நிறுவனம் குறைந்த விலைக்கு டொமைன் விற்று, புதுப்பிக்க வாங்கிய பணத்துக்குப் புதுப்பிக்காமல் விட்டு, கடைசியில் குழப்பத்தில் மூழ்கியது. உலக டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பு அதன் அங்கீகாரத்தை ரத்து செய்து, பெயர்களை வேறு நிறுவனத்துக்கு மாற்றியது. அதற்குள் பெயரை இழந்தவர்கள் இழந்ததுதான்.

பெரிய, ஒழுங்கான நிறுவனத்திலும் விபத்து வரும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீயில் எரிந்து, லட்சக்கணக்கான இணையதளங்கள் முடங்கின. தனியாகக் காசு கட்டி பேக்கப் வாங்கியிருந்த ஒரு வாடிக்கையாளரின் பேக்கப்பும் அதே கட்டடத்தில்தான் இருந்தது. நஷ்டஈடு தரச் சொல்லி 2023இல் நீதிமன்றம் உத்தரவிட்டது, ஆனால் எரிந்த டேட்டா திரும்பவில்லை. தென்கொரியாவின் நயானா என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தில் 2017 ஜூனில் ரான்சம்வேர் புகுந்து 153 சர்வர்களைப் பூட்டியது. 3,400க்கும் மேற்பட்ட இணையதளங்கள் சிக்கின. மீட்க, கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆகவே மாதம் ஒருமுறை உங்கள் இணையதளத்தை முழுசாக டவுன்லோட் செய்து, ஹோஸ்டிங் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் வையுங்கள். பென் டிரைவாக இருந்தாலும் பரவாயில்லை.

தெரிந்த பையன்தான் செய்து கொடுத்தான்

உண்மையில் நம் ஊர்களில் பிரச்சினை அமெரிக்காவிலோ பிரான்ஸிலோ தொடங்குவதில்லை. "தெரிந்த பையன் 5,000 ரூபாய்க்கு எல்லாம் செய்து கொடுத்தான்" என்பதில்தான் தொடங்குகிறது. அவர் தன் பெயரிலேயே, தன் மெயிலிலேயே டொமைனைப் பதிவு செய்திருப்பார். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது, வேலை சுலபம் என்று செய்திருப்பார். ஆனால் நாளைக்கு அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய் நம்பரை மாற்றிவிட்டால், புதுப்பிக்கச் சொல்லி வருகிற நினைவூட்டல் அவருக்குத்தான் போகும். உங்களுக்கு வராது. ஒரு நாள் காலையில் தளமும் இல்லை, மெயிலும் இல்லை.

எனவே செய்து தருபவர் யாராக இருந்தாலும், டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில் பதிவாக வேண்டும். லாகின் உங்கள் கையில் இருக்க வேண்டும். அவருக்கு வேலை செய்ய அனுமதி கொடுத்தால் போதும். பதிவு செய்யும் மெயில் அந்த டொமைனிலேயே இருக்கும் மெயிலாக இருக்கக் கூடாது, தனி மெயிலாக வையுங்கள். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டின மாதிரி ஆகிவிடும்.

காலாவதி ஆனதும் பெயர் உடனே பறிபோகாது. டாட் காம் போன்ற பெயர்களுக்கு நிறுவனத்தைப் பொறுத்து சில நாள் முதல் 45 நாள் வரை சாதாரண விலையில் புதுப்பிக்க அவகாசம் கிடைக்கலாம். அதன்பிறகு நீக்கப்பட்டாலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் கட்டணம் பல மடங்கு. அதற்கும் பிறகு 5 நாளில் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். டாட் இன், தமிழிலேயே எழுதும் டாட் இந்தியா பெயர்களை நிர்வகிப்பது நிக்ஸி என்ற தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பு. அதன் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் பட்டியல் அதன் தளத்திலேயே இருக்கிறது, வாங்கும் முன் பாருங்கள்.

கம்பெனியை எப்படிச் சோதிப்பது? ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். ஜிஎஸ்டி போர்ட்டலில் லாகின் இல்லாமலே அந்த எண்ணைப் போட்டுத் தேடலாம். யார் பெயரில் இருக்கிறது, இன்னும் இயங்குகிறதா, ரத்தாகிவிட்டதா எல்லாம் தெரியும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, எல்லை தாண்டி ஆந்திரா என்றால் 37. "சென்னை ஆபீஸ்" என்று சொல்லிவிட்டு எண் வேறு மாநிலத்தில் தொடங்கினால் காரணம் கேளுங்கள். அடுத்து, இணையத்தில் விற்பவர்கள் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முகவரியும் இல்லை, குறைதீர் அலுவலரும் இல்லை, ஒரு வாட்ஸ்அப் நம்பர் மட்டும்தான் என்றால் தள்ளி நில்லுங்கள். வாங்கும் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அவர்கள் சப்போர்ட்டுக்கு ஒரு கேள்வி அனுப்பிப் பாருங்கள். காசு கொடுக்கும் முன்பே பதில் இல்லை என்றால், கொடுத்த பிறகு?

"சிறந்த 10 ஹோஸ்டிங்" என்று வரும் வீடியோக்களை ஜாக்கிரதையாகப் பாருங்கள். அந்த லிங்க் வழியாக நீங்கள் வாங்கினால் அவருக்கு கமிஷன் கிடைக்கும் ஏற்பாடு இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம்.

"இன்னும் 10 நிமிடம்தான்" என்று ஓடுகிற கடிகாரம் பக்கத்தை மறுபடி திறந்தால் மறுபடி 10 நிமிடத்தில் தொடங்கும். இப்படிப் பொய்யாக அவசரப்படுத்துவது, நீங்கள் கேட்காத சேவையை பில்லில் நுழைப்பது, சந்தாவை ரத்து செய்ய முடியாமல் சுற்ற விடுவது உட்பட 13 வகைத் தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடை செய்திருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் புகாருக்கு உதவும்.

முதல் தடவை ஒரு வருடத்துக்கு மட்டும் கட்டுங்கள். தள்ளுபடி குறைந்தாலும் பரவாயில்லை. ஐந்து வருடப் பணத்தை வாங்கிய கம்பெனிக்கு உங்களைத் திருப்திப்படுத்த அவசரம் இல்லை. பணம் கட்டும்போது ஆட்டோ பே போட்டிருந்தால், பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன் வங்கி தகவல் அனுப்பும். அந்த மெசேஜைப் பார்க்காமல் தள்ளிவிடாதீர்கள், யுபிஐ ஆப்பில் ஆட்டோ பே பகுதிக்குள் போய் நீங்களே ரத்து செய்யலாம்.

இன்னொன்று. டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் வெப்சைட் அவசியமா என்றால், இல்லை என்றே சொல்வோம். கூகுள் மேப்பில் கடையைச் சேர்ப்பதும் வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கும் இலவசம். பல கடைகளுக்கு அதுவே தாராளம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு

கம்பெனி போன் எடுக்கவில்லை, ஆனால் லாகின் இன்னும் வேலை செய்கிறது என்றால் முதல் வேலை பேக்கப் எடுப்பது. இரண்டாவது, டொமைனின் பூட்டைத் திறந்து, மாற்றல் குறியீட்டை வாங்கி வேறு நிறுவனத்துக்கு மாற்றுவது. பதிவு செய்து 60 நாள் ஆகாத டாட் காம் பெயரை பொதுவாக மாற்ற விடமாட்டார்கள், அதுவரை காத்திருக்க வேண்டும். டாட் காம் போன்ற பெயர்களுக்குக் குறியீடு தர மறுத்தால் ஐகேன் தளத்தில் நேரடியாகப் புகார் செய்யலாம்.

பணம் வாங்கிக்கொண்டு ஆளே காணவில்லை என்றால் அது சைபர் மோசடி. உடனே 1930க்கு போன் செய்யுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் போன கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு. கம்பெனி இருக்கிறது, சொன்ன சேவையைத் தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். கம்பெனி மும்பையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே, அதாவது திருவள்ளூர் மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். இ-ஜாக்ருதி தளம் வழியாக போனில் இருந்தே அனுப்ப முடியும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

"தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை 2019ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குவது உண்மைதான். ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்த மட்டுமே வாங்கியவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. தானே நின்று ஓட்டுகிற லேத் பட்டறைக்காரர் இதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுவது நல்லது. பில், பணம் கட்டிய ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அனுப்பிய மெயில்கள் ஆகியவற்றை இணைக்க வேண்டும். பிரச்சினை எழுந்த நாளில் இருந்து 2 வருடத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.