உரையாய்வு நிரல்கள் உள்ளீட்டுக்காகக் காத்து நிற்றல்: ஒரு விளக்கம்

1. முன்னுரை

மொழித்தரவுகளை ஆராய்வோரும் சொற்பட்டியல் தொகுக்கும் மொழிபெயர்ப்பாளரும் யூனிக்ஸ் வழிவந்த இயக்க முறைமைகளில் கிரெப், சார்ட், டபிள்யூசி, டிஆர் முதலிய சிறு கட்டளைகளைப் பயன்படுத்துகின்றனர். இவற்றைத் தொடுத்து எழுதிய நிரலை இயக்கியதும் சிலவேளைகளில் விடையும் வருவதில்லை, பிழைச் செய்தியும் வருவதில்லை. நிரல் பழுதுபட்டது எனக் கருதிப் பலர் அதை நிறுத்திவிடுகின்றனர். பெரும்பாலும் அது பழுது அன்று. நிரல் உள்ளீட்டை எதிர்நோக்கிக் காத்திருக்கிறது. இதற்கான காரணத்தையும், இதனால் ஆய்வு முடிவுகளுக்கு நேரும் கேட்டையும், அதைத் தவிர்க்கும் வழிகளையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இயல்பு உள்ளீடு

யூனிக்ஸில் நிரல் ஒவ்வொன்றும் மூன்று வாயில்களுடன் இயங்கத் தொடங்குகிறது. 0 என்னும் எண் பெற்றது இயல்பு உள்ளீடு. 1 இயல்பு வெளியீடு. 2 பிழை வெளியீடு. டக் மெக்கில்ராயின் கருத்தை ஏற்றுக் கென் தாம்சன் 1973இல் குழாய் அமைப்பை உருவாக்கினார். ஒரு நிரலின் வெளியீடு அடுத்த நிரலின் உள்ளீடாவதற்கு இதுவே வழி. இதற்கு இசைவாக, கோப்பின் பெயர் தரப்படாதபோது இயல்பு உள்ளீட்டைப் படிக்கும் மரபைப் பல கட்டளைகள் பின்பற்றுகின்றன.

செயப்படுபொருள் வெளிப்படையாக வராத தொடரில் கேட்போர் அதைச் சூழலிலிருந்து வருவித்துக் கொள்வர். இக்கட்டளைகளும் அவ்வாறே செய்கின்றன. ஆனால் அவை வருவித்துக்கொள்ளும் பொருள் ஒன்றே. குழாயோ கோப்போ இணைக்கப்படாத நிலையில் இயல்பு உள்ளீடு என்பது விசைப்பலகையாகும். ஒரு வரி தட்டச்சிடப்படும் வரை இயக்க முறைமை நிரலை உறங்கச் செய்கிறது. சார்ட், டபிள்யூசி ஆகியன உள்ளீடு முழுவதும் முடிந்த பின்னரே விடை தருவன. எனவே உள்ளீட்டின் முடிவு அறிவிக்கப்படும் வரை திரை வெறுமையாகவே இருக்கும்.

3. காத்திருப்பு நேரும் இடங்கள்

அ) கிரெப் கட்டளையில் முதலில் தேடுசொல்லும் அடுத்துக் கோப்பின் பெயரும் வர வேண்டும். வேற்றுமை உருபில்லா மொழியில் சொல் நிற்கும் இடமே அதன் பொருளுறவைக் காட்டுவது போன்றது இது. தேடுசொல்லை மறந்து கோப்பின் பெயரை மட்டும் தந்தால், அப்பெயரே தேடுசொல்லாகி நிரல் காத்து நிற்கும்.

ஆ) கோப்பின் பெயரை ஒரு மாறியில் வைத்து, அதை மேற்கோள் குறியின்றி எழுதியிருக்கலாம். மாறி வெறுமையாக இருப்பின் அந்த இடமே மறைந்துவிடும். இரட்டை மேற்கோளுக்குள் எழுதியிருந்தால் பிழைச் செய்தியேனும் கிடைக்கும்.

இ) டிஆர் கோப்பின் பெயரை ஏற்பதே இல்லை. அதற்குரிய உள்ளீட்டைத் திசைமாற்றுக் குறியாலோ குழாயாலோதான் தர இயலும்.

ஈ) ஒலிபெயர்ப்பில் வரும் ஒற்றை மேற்கோள் குறியைக் கட்டளைச் செயலி தொடக்கக் குறியாகக் கொள்ளும். இணைக்குறி வரும் வரை அது அடுத்த வரியைக் கேட்டுக்கொண்டிருக்கும். இங்குக் காத்திருப்பது நிரலன்று, கட்டளைச் செயலியே.

4. ஆய்வுக்கு நேரும் கேடு

காத்திருப்பதால் நேரம் மட்டுமே வீணாகும் எனக் கருதலாகாது. யூனிக்ஸில் வரியின் தொடக்கத்தில் கண்ட்ரோல்-டி விசையை அழுத்துவது உள்ளீடு முடிந்தது என்பதற்கு அறிகுறி. ஒன்றும் தட்டச்சிடாமல் அதை அழுத்தினால் டபிள்யூசி சுழியம் என விடை தரும். கிரெப் எதையும் காட்டாது. இதை நம்பும் ஆய்வாளர், அச்சொல் தரவில் வழங்கவில்லை என எழுதிவிடக்கூடும். படிக்கப்படாத தரவைப் பற்றிய முடிவு அது.

மற்றொரு கேடும் உண்டு. வெளியீட்டை ஏற்கெனவே உள்ள கோப்புக்குத் திருப்பியிருந்தால், கட்டளை இயங்குமுன்பே கட்டளைச் செயலி அக்கோப்பை வெறுமையாக்கிவிடும். பிறகு கண்ட்ரோல்-சி கொண்டு நிரலை நிறுத்தினாலும் பழைய சொற்பட்டியல் மீளாது.

5. தவிர்க்கும் வழிகள்

காத்திருக்கும் நிரல் மையச் செயலியை ஏறக்குறையப் பயன்படுத்துவதே இல்லை; முடிவிலாச் சுழலில் சிக்கிய நிரலோ அதை ஓயாது பயன்படுத்தும். டாப் கட்டளையால் இவ்வேறுபாட்டை அறியலாம். நிரல் எழுதுவோர் தொடக்கத்திலேயே கோப்பின் பெயர் தரப்பட்டுள்ளதா எனச் சோதித்தல் வேண்டும். இயல்பு உள்ளீடு விசைப்பலகையாக இருப்பின் எச்சரித்து நிறுத்துதல் நன்று. வெளியீட்டை முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி, பணி முடிந்த பின்னரே அதற்குப் பழைய பெயரைச் சூட்டலாம். எல்லாவற்றினும் இன்றியமையாதது, படித்த வரிகளின் எண்ணிக்கையைப் பிழை வெளியீட்டின் வழியே அறிவித்தல். சொல் வழங்கவில்லை என்பதற்கும் தரவே படிக்கப்படவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஓர் எண் காட்டிவிடும்.