குடியை நிறுத்தியவர்கள் கூடும் இடம்

குடிப்பவனுக்குப் புத்தி சொல்வதில் நம்மவர்கள் என்றுமே குறை வைத்ததில்லை. மனைவி அழுது சொல்வாள். தகப்பனார் அதட்டிச் சொல்வார். வைத்தியர் ஈரலைச் சொல்லிப் பயமுறுத்துவார். குழந்தையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவார்கள், அவனும் அந்த நிமிஷத்தில் மனப்பூர்வமாகவே சத்தியம் செய்வான். கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு, ஒரு மண்டலம் ஒரு சொட்டும் தொடாமல் விரதம் காத்தவன், மாலையைக் கழற்றிய அன்றே பழைய கடைவாசலில் நிற்பதை நம் தெருக்களில் பார்க்காதவர் யார்? குடியை நிறுத்துவது அவனுக்குக் கைவராத வித்தை அன்று. நிறுத்தியபடியே இருப்பதுதான் கூடாமற் போகிறது. அந்த இரண்டாவது காரியத்துக்கென்றே ஏற்பட்டது, வழக்கில் ஏ.ஏ. என்று சொல்லப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற சங்கம்.

அமெரிக்காவில், ஒஹையோ மாகாணத்து ஆக்ரன் நகரில் 1935-ஆம் ஆண்டு மே மாதம் அது கருக்கொண்டது. நியூயார்க்கிலிருந்து ஒரு கம்பெனி விவகாரமாக வந்திருந்த பில் வில்ஸன் என்பவர், குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆனவர், வந்த காரியம் தோற்றுப்போய் ஹோட்டலின் முன்கூடத்தில் தனியே உலவிக்கொண்டிருந்தபோது, மதுக்கூடத்தின் சிரிப்பொலி காதில் விழுந்தது. உள்ளே போய்விடுவோமோ என்ற பயத்தில் அவர் டெலிபோனை எடுத்து, அவ்வூர்ப் பாதிரிமார்களைக் கூப்பிட்டு, பேசுவதற்கு எனக்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்று விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை வைத்தியர். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று சொல்லி வந்த டாக்டர், ஆறு மணி நேரத்துக்கு மேல் அமர்ந்து பேசினார். இடையில் ஒரு முறை சறுக்கினாலும் ஜூன் 10-ஆம் தேதியோடு அவர் குடி நின்றது. அத்தினத்தையே சங்கம் தன் ஜன்ம தினமாகக் கொண்டாடுகிறது.

அந்தச் சம்பாஷணையில் சிகிச்சை பெற்றவர் யார், அளித்தவர் யார் என்று பிரித்துச் சொல்ல இயலாது. பில் தேடிப்போனது முதன்மையாகத் தம்மைக் காத்துக்கொள்வதற்கே. ஆகையால் இன்று முதன்முறையாகக் கூட்டத்துக்குள் கால் வைக்கிறவன், தான் பிறர் தயவை யாசித்து வந்திருப்பதாகக் குன்றிப்போக வேண்டிய அவசியமே இல்லை. பத்து வருஷமாகக் குடிக்காமல் இருப்பவருக்கு அவன் வருகை மருந்து.

கூட்டம் நடக்குமிடத்தைக் கண்டுபிடிப்பதைக் காட்டிலும், விசாரித்தால் நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்ற சங்கோசமே பெரிய தடை. அவன் குடிப்பது அந்த நாலு பேருக்கும் முன்பே தெரியும் என்பது வேறு விஷயம். மனநல வைத்தியரிடம் கேட்கலாம்; சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய பணியின் பயனாக எழுந்த டி.டி.கே. மருத்துவமனை போன்ற மறுவாழ்வு நிலையங்களில் கேட்கலாம்; மத்திய அரசின் 14446 என்ற இலவசத் தொலைபேசியிலும் வழி கேட்கலாம். பெரும்பாலும் மாலை வேளையில், பள்ளிக்கூட அறையிலோ மாதா கோயிலைச் சேர்ந்த கூடத்திலோ கூடுவார்கள். கோயில் வளாகத்தைக் கண்டு மதமாற்றமோ என்று மிரள வேண்டாம், இடம் கிடைத்தது அங்கே என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. சில கூட்டங்களுக்குக் குடும்பத்தாரும் வரலாம். சில, குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும்.

உள்ளே வருகைப் பதிவேடு இல்லை, கட்டணம் இல்லை. ஒருவர் எழுந்து, என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லி, சம்பளத்தன்று வீட்டுக்குப் போகாத கதையையோ, பீரோவுக்குப் பின்னால் பாட்டிலை ஒளித்த கதையையோ சொல்வார். நடுவில் யாரும் குறுக்கிடுவதில்லை. முடிந்தபின் புத்திமதியும் இல்லை. புதியவர் வாய் திறக்காமலே உட்கார்ந்திருக்கலாம். கடைசியில் காணிக்கைக்கு ஒரு பை சுற்றி வரும். விரும்பிய உறுப்பினர் போடுவதே வாடகைக்கும் தேநீருக்கும் ஆகிறது, வெளியார் நன்கொடையைச் சங்கம் ஏற்பதில்லை. ஆயுள் முழுவதும் என்ற சபதம் அங்கே கிடையாது. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்பதே பேச்சு. ஒரு கூட்டம் மனத்துக்கு ஒட்டவில்லையென்றால், வேறு பேட்டைக் கூட்டத்துக்குப் போய்ப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்லலாம்.

குடியிலிருந்து மீள்வதற்கென்று சங்கம் வகுத்த பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். அவரவர் உணர்ந்தபடி என்று விலக்கு இருந்தாலும், நாஸ்திகருக்கு அது நெருடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பலனைப் பற்றியோ எனில், 2020-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பார் 27 ஆராய்ச்சிகளை ஒருங்கே பரிசீலித்து, இவ்வழியில் முறையாகச் சேர்க்கப்பட்டவர்கள் அறவே குடிக்காமல் நீடிப்பதில் மற்றச் சிகிச்சை பெற்றவர்களைவிட மேம்பட்டிருப்பதாகக் கண்டார்கள்.

ஆயினும் நாள் தவறாமல் மிகுதியாகக் குடித்தவர், கூட்ட உற்சாகத்தில் திடீரென்று நிறுத்திவிடலாகாது. இரண்டு மூன்று தினங்களுக்குள் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் கண்டு உயிருக்கே அபாயம் நேரலாம். முதலில் வைத்தியசாலை, பிறகு கூட்டம்.

வீட்டாருக்கும் தனியே கூட்டமுண்டு. பில்லின் மனைவி லோயிஸ் முன்னின்று 1951-இல் உருவாக்கிய அல்-அனான் அது. கணவன் திருந்தச் சம்மதிக்கும் வரையில் காத்திருக்க வேண்டும் என்ற நியதி அங்கே இல்லை. அவன் கடையில் நிற்கும் அதே மாலையில் அவள் போய் உட்காரலாம்.